உபயோகக் கணிப்பு வாரியமும் ஒரு காது மிஷினும்

உபயோகக் கணிப்பு வாரியத்தின் வேன் தெருமுனையில் திரும்பியதும் நான்காம் எண் வீட்டில் மூன்று இஸ்திரிப் பெட்டிகள் ஒரே சமயத்தில் சூடேறத் தொடங்கின. ஏழாம் எண் வீட்டில் பட்டப்பகலில் இரண்டு டார்ச் லைட்டுகள் எரிந்தன. பதினொன்றாம் எண் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற கணக்கர் தட்டச்சுப் பொறியின் முன் அவசரமாக உட்கார்ந்து, "இந்தப் பொறி தினமும் பயன்படுகிறது" என்று நாற்பது தடவை அடித்தார். அவசரத்தில் தாள் செருக மறந்துவிட்டார்.

வாரியத்தின் விதி எளிமையானது. வாரியத்தின் ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சாதனம் உபயோகத்தில் உள்ளது; அதற்குப் பச்சை ஸ்டிக்கர். ஓடாதது வழக்கொழிந்தது, அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஒட்டியதை அன்றே எடுத்துக்கொண்டு போய், வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நொறுக்கிவிடுவார்கள். எதற்காக நொறுக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டாராம். அவர் வீட்டுக்கு வேன் வாரம் இரண்டு தடவை வரத் தொடங்கியதாம். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கேள்வி என்பது உபயோகத்தில் இல்லை.

தெருவின் நடுவில், முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருந்தவர் காயில்காரர். மிக்சி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டிக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இருபத்தாறு வருடமாக ஒரு காது மிஷின் வைத்திருக்கிறார். இப்போது வருகிற மாதிரி காதுக்குள் ஒளிந்துகொள்ளும் சாமான் அல்ல. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, சட்டைப்பையில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்தோரமாக ஏறிக் காதுக்குப் போகும். உள்ளே ஒரு பென்சில் பேட்டரி.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லாதவர்கள் கிடையாது. அவர் வாங்காததற்குக் காரணம் இருந்தது. கடைக்கு ஒரு மோட்டார் வந்தால் அதை ஓடவிட்டு, சட்டைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அதன் உடம்பில் வைப்பார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதைப் போல. பேரிங் தேய்ந்திருக்கிறதா, தண்டைத் தாங்கும் புஷ் தளர்ந்திருக்கிறதா, எந்தப் பக்கத்துச் சுற்று கருகியிருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவார். இரண்டு காதும் ஒழுங்காக உள்ள மெக்கானிக்குகள் அதே விஷயத்தைத் தெரிந்துகொள்ள மோட்டாரைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்ப வேண்டும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. "கேக்குதா?" என்று யார் கேட்டாலும் "கேக்குதுங்க" என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை "கேக்கல சார்" என்று சொல்லிப் பார்த்தார். வாத்தியார் அவரை முன்னால் இழுத்து நிறுத்தி, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார். கத்தியது கேட்கவில்லை, எச்சில் மட்டும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பேசுகிறவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். உதடு புரியாதபோது தலையாட்டப் பழகினார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு வேன் அவர் கடை வாசலில் நின்றது.

"என்னங்க, வந்துட்டாங்க," என்றார் அவர் மனைவி. கடை வாசலில் மேசை போட்டு, வருகிற சாமானுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது அவர்தான். "மிஷின் ஆன்ல இருக்கா?"

"இருக்கு."

"பேட்டரி?"

"நேத்துதான மாத்தினேன்."

"எதுக்கும் புதுசு ஒண்ணு போடுங்க. இவங்க வர்ற நேரம் பாத்துதான் அது உசுர விடும்."

வந்த கணிப்பாளர் நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். உதட்டுக்கு மேலே ஒரு முடி கிடையாது; ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பதைப் போலப் பேசினார். இடுப்பில் இரண்டு ஸ்டிக்கர் சுருள்கள் தொங்கின. சிவப்புச் சுருள் பாதி தீர்ந்திருந்தது. பச்சைச் சுருளின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

மின்விசிறியைப் பார்த்தார், ஓடியது. காயில் சுற்றும் மிஷினைப் பார்த்தார், சுற்றியது. வேறு வழியில்லாமல் பச்சைச் சுருளின் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். பிறகு அவர் கண் காயில்காரரின் சட்டைப்பைக்கு வந்தது.

"அது என்ன?"

"காது மிஷினுங்க."

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

"ஓடற மாதிரி தெரியலையே. சுத்தல, லைட் எரியல, சத்தமும் இல்ல."

மனைவி எழுந்து வந்தார். "அது அவர் காதுக்குள்ள ஓடுது சார். நீங்க பேசறதுக்கு அவர் பதில் சொல்றார் பாருங்க, அதான் சாட்சி."

"அம்மா, நீங்க இந்தச் சாதனத்தோட உபயோகிப்பாளரா?"

"நான் அவரோட உபயோகிப்பாளர் சார்."

"அதுக்குத் தனிப் படிவம்," என்ற கணிப்பாளர் கையேட்டைப் புரட்டினார். "உடம்போட ஒட்டின சாதனம், ஒயர் உள்ளது... விதி முப்பத்திரெண்டு. சாதனத்தை அணைக்கணும். அணைச்ச பிறகும் வேலை நடந்தா சாதனம் தேவையில்லை. சின்ன சோதனைதான், பயப்படாதீங்க."

"பயப்படாதீங்க" என்று வாரியத்தின் ஆள் சொன்னால் என்ன அர்த்தம் என்பது தெருவுக்கே தெரியும். கணிப்பாளர் கை நீட்டிச் சட்டைப்பைக்குள் விட்டுப் பெட்டியின் சுவிட்சைத் தள்ளினார்.

மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. தெரு நின்றது. மனைவி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது பாதியில் அறுந்தது. கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலே மூடி போட்டதைப் போல இருந்தது காயில்காரருக்கு. மூடியின் ஓட்டை வழியாகத் தெரிந்தது கணிப்பாளரின் வாய் மட்டுமே. அந்த வாய் சுத்தமாக, திருத்தமாக அசைந்தது.

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றார் காயில்காரர்.

சொன்ன பிறகுதான் மனைவி நெற்றியில் அறைந்துகொள்வதைப் பார்த்தார்.

"ஐயோ சார், அவர் உங்க வாயப் பாத்து சொல்றாரு! எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு. தூக்கத்துல கேட்டாக்கூட அதையேதான் சொல்லுவாரு! நீங்க திரும்பி நின்னு கேளுங்க சார்!"

"முதுகைக் காட்டிப் பேசறது மரியாதை இல்லம்மா," என்றார் கணிப்பாளர். "பதிவும் ஆயிடுச்சு."

பதிவேட்டில் இப்படி எழுதியிருந்தது: சாதனம் அணைக்கப்பட்ட நிலையில் உபயோகிப்பாளருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. வாரியத்தின் வருகைக்குப் பின் குணமானதாகக் கருதலாம்.

பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஒயரைச் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரசீது கொடுத்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, குணமானதற்குக் காயில்காரரின் கையைக் குலுக்கி வாழ்த்தும் சொன்னார்.

புதன்கிழமை ஒரு மிக்சி வந்தது. காயில்காரர் அதை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். அதிர்வது தெரிந்தது. எல்லா மிக்சியும்தான் அதிரும். இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து புகை வந்தது. மனைவி ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். புகை வருவதற்கு முன்னால் மோட்டார் கத்தியிருக்கும். கடைக்கு வெளியே நின்றவர்களுக்குக்கூட அது கேட்டிருக்கும்.

அதன்பிறகு அவர் மோட்டாரைத் தொடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாததால் சுவர் தேவைப்பட்டது. சொந்த வீட்டில் பக்கவாட்டில் நடந்தார். மனைவி பின்னாலிருந்து தோளைத் தொட்டபோது கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வீசிவிட்டார். அது போய் மின்விசிறியின் பச்சை ஸ்டிக்கர் மேலேயே பட்டது.

மனைவி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். மெதுவாக வாயசைத்தார்.

"நாளைக்கு வாரியத்துக்குப் போறோம். மேல்முறையீடு பண்றோம். அங்க யார் என்ன கேட்டாலும் நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். கேக்கலைங்க. சொல்லுங்க பாக்கலாம்."

"கேக்கலைங்க."

"என்கிட்ட நல்லாத்தான் சொல்றீங்க. என்னை அதிகாரின்னு நெனச்சுக்கிட்டு சொல்லுங்க."

காயில்காரர் அப்படி நினைத்துப் பார்த்தார். "கேக்குதுங்க," என்றார்.

மனைவி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, அவருக்கு ஏன் அந்த மிஷின் வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதினார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வாரியத்தின் வாசலில் காவலாளி மனைவியைத் தடுத்துவிட்டார். உபயோகிப்பாளர் மட்டுமே உள்ளே போகலாம். மனைவி எழுதிய மனுவை வாங்கி, எடை போடுவதைப் போலக் கையில் தூக்கிப் பார்த்து, கையால் எழுதியது வழக்கொழிந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். காயில்காரர் அறுபத்தொன்று என்ற டோக்கனை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்படி ஒரு கூடத்தை அவர் பார்த்ததில்லை. கட்டடத்துக்கு முன்னாலேயே பிறந்துவிட்டதைப் போன்ற மின்விசிறிகள். சக்கரம் சுழற்றிப் பேசும் கறுப்பு டெலிபோன்கள். கைப்பிடி சுழற்றி நகல் எடுக்கும் மிஷின். சாய்வு மேசையில் தட்டச்சுப் பொறிகள், ஒவ்வொன்றின் மேலும் துணி மூடி. அவ்வளவிலும் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: பாரம்பரியம், தொடாதீர். அவற்றில் பாதி ஓடவில்லை. இவர் மோட்டார் ஆள் என்பதால் ஓடாததைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டோக்கன் எண்ணைச் சொல்லியது சுவரில் மாட்டிய மரப்பெட்டி ஒலிபெருக்கி. அதற்கு வாய் இல்லை. காயில்காரர் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் எழுந்தால் எண் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது யாருடைய எண் என்று தெரியாது. ஐந்தாறு தடவை இவரும் கூடவே எழுந்து, கூடவே உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் இதை ஏதோ மரியாதை என்று நினைத்து, அவரும் எழுந்து உட்கார ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு அந்த வரிசையே எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வாரியத்தில் எல்லோரும் செய்வதைச் செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து.

பன்னிரண்டரைக்கு ஒரு உதவியாளர் வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றார்.

"அறுவத்தொண்ணு நீங்களா? எத்தன தடவய்யா கூப்புடறது? காது கேக்காதா உனக்கு?"

மேல்முறையீட்டுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைந்திருக்காது.

"கேக்குங்க," என்றார். "மன்னிச்சுக்குங்க."

வாரியத் தலைவரின் அறை பெரியது. தலைவரும் பெரியவர். எல்லாவற்றையும்விடப் பெரியது தலைவரின் மீசை. மேலுதட்டில் தொடங்கி, கீழுதட்டையும் தாண்டி, மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பேசுகிறாரா, மென்றுகொண்டிருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று கடவுளால்கூடச் சொல்ல முடியாது.

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது இது:

"உக்காருங்க. பயப்படாதீங்க. இங்க வந்துதான் பயப்படணும்னு இல்ல, வெளியிலயே பயந்துட்டுதான வர்றீங்க, அது போதும். நான் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன். ஜனங்க பழைய சாமானைக் கட்டிக்கிட்டு அழறாங்க. ஏன்னு கேட்டா, 'வேலை செய்யுது சார்'ங்கறாங்க. வேலை செய்யறது ஒரு காரணமா? இந்த வாரியத்துல முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கோம். வேலை செஞ்சாத்தான் இருக்கலாம்னு ஒரு விதி வந்தா எங்க கதி என்ன ஆகறது? அதனாலதான் விதி போடற பொறுப்பை நாங்களே வச்சிருக்கோம்."

மீசை ஏறி இறங்கியது. காயில்காரர் தலையாட்டினார்.

"இந்த டெலிபோனைப் பாருங்க. லைன் வெட்டிப் பதினாலு வருஷம் ஆச்சு. தினமும் காலையில எடுத்து அஞ்சு நிமிஷம் பேசறேன். நடுவுல யாரும் குறுக்கப் பேசறதில்ல. மனசுக்கு நிம்மதியா இருக்கு. இது பாரம்பரியம். இதே டெலிபோன் உங்க வீட்ல இருந்தா வழக்கொழிஞ்சது. வித்தியாசம் சாதனத்துல இல்லைங்க, மேசையில இருக்கு. புரியுதில்ல?"

காயில்காரர் தலையாட்டினார்.

"உங்களை மாதிரி புரிஞ்சுக்கறவங்க ரொம்பக் கம்மி. உங்க மிஷினை நாளைக்கு நொறுக்கிடறோம். உங்க பக்கத்துல எந்த ஆட்சேபணையும் இல்லன்னு எழுதிக் குடுத்தா, வாரியம் உருவாக்கின புது மிஷின் ஒண்ணு இப்பவே தர்றோம். சம்மதம்தான?"

மீசை நின்றது. இது கேள்வி என்று காயில்காரருக்குத் தெரிந்தது. மனைவி முன்னால் பழகிய சொல்லை நாக்கின் நுனிவரை கொண்டுவந்தார். தலைவரின் புருவம் ஒரு நூல் அளவு உயர்ந்தது.

"சரிங்க," என்றார்.

உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நிமிடமே அவர் காதில் ஏதோ ஒன்றைச் செருகினார்கள். சிறியது, கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றது ஒரு குரல். அவ்வளவு தெளிவான குரலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அது மீசைக்குள்ளிருந்து வந்தது.

"கேக்குதுங்க!" என்றார் காயில்காரர். இந்தத் தடவை அது உண்மை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகுதான் கவனித்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது, சத்தம் இல்லை. உதவியாளர் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார், சத்தம் இல்லை. உதவியாளர் இருமினார், அவர் தோள் குலுங்கியது, அவ்வளவுதான்.

"வேண்டாத சத்தத்தை அதுவே எடுத்துடும்," என்றார் தலைவர். "எது வேணும்னு ஒரு கமிட்டி போட்டு முடிவு பண்ணிட்டோம். அறிவிப்பு, உத்தரவு, அதிகாரிங்க குரல், வேன் ஹார்ன். இது நாலும் சுத்தமா கேக்கும்."

"மோட்டார் சத்தம்ங்க?"

"இரைச்சல்."

"என் வீட்டுக்காரம்மா பேசினா?"

"அதுவும் அதே பிரிவுதான்யா," என்று தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு துளிகூடச் சிந்தாமல் காயில்காரரின் காதுக்குள் இறங்கியது. வாசலைத் தாண்டும் வரைக்கும் அது உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

வாசலில் மனைவி ஓடி வந்தார். வாய் அசைந்தது: என்னாச்சு? கையைப் பிடித்து உலுக்கினார். சீட்டு எழுதும்போது தனக்குத்தானே முனகிக்கொள்ளும் குரல், சண்டை போடும்போது கடைசிச் சொல்லில் உடைகிற குரல், இருபத்திரண்டு வருடமாக அந்தக் கரகர மிஷின் வழியாக அவர் காதுக்கு வந்துகொண்டிருந்த குரல், அது மட்டும் வரவில்லை. பின்னால் காவலாளி யாரையோ அதட்டியது தெளிவாகக் கேட்டது.

காயில்காரர் நடந்ததைச் சொன்னார். மனைவி வாயசைத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு நொறுக்கற இடத்துக்குப் போறோம். என்ன பண்ணப்போறோம்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியாது."

வெள்ளிக்கிழமை நொறுக்குவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வராதவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொள்வார் என்பதால் நல்ல கூட்டம். வாரியத்தின் பின்கட்டில், கயிறு கட்டிய இடத்துக்கு இப்பால் ஜனங்கள் நின்றார்கள். அப்பால் நொறுக்கு இயந்திரம், ஒரு லாரி அளவுக்கு. அதன் வாய்க்குள் ஒரு ரப்பர் பட்டை போனது. பட்டைக்குப் பக்கத்தில் இரும்பு அலமாரிகளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சாமான்கள். கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பெட்டி இருப்பதைக் காயில்காரர் பார்த்துவிட்டார். ஒயர் உறையின் மூலையில் சுருண்டு கிடந்தது.

தலைவர் ஒலிபெருக்கியில் ஆறு நிமிடம் பேசினார். கூட்டம் கைதட்டியது. காயில்காரருக்குப் பேச்சு கேட்டது, கைதட்டல் கேட்கவில்லை. சாமான் கிடங்கையும் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ளும் கிடங்குக்காரர் சுவிட்சைப் போட்டார். இயந்திரம் ஒரு தடவை குலுங்கியது, பட்டை ஒரு சாண் நகர்ந்தது, எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் தலைவர்.

"ஓட மாட்டேங்குது சார்."

பழக்கத்தின் வேகத்தில் கணிப்பாளரின் கை இடுப்பிலிருந்த சிவப்புச் சுருளுக்குப் போனது. பாதி ஸ்டிக்கர் உரித்த பிறகுதான் அதை எதில் ஒட்டப் போகிறோம் என்று அவருக்குப் புரிந்தது. பார்க்கும்போது ஓடவில்லை என்றால் விதி விதிதான். சிவப்பு ஒட்டியதை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நொறுக்கியாக வேண்டும். நொறுக்குவதற்கு இருப்பதோ இந்த இயந்திரம் ஒன்றுதான். ஸ்டிக்கர் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு ஆடியது. தலைவரின் முகத்தில் மீசை நீங்கலாக மீதி எல்லாம் வெளுத்தது. இந்தத் தெருக்களில் இத்தனை நாளாக இருந்த பயம் இப்போது கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது.

"யாராவது மெக்கானிக் இருக்கீங்களா?" என்றார் தலைவர். ஒலிபெருக்கி அவர் குரல் நடுங்கியதையும் சேர்த்துச் சொன்னது.

கிடங்குக்காரர் காயில்காரரைக் கை காட்டினார். "இவர் மோட்டார் ஆளு சார். எங்க வீட்டு மிக்சியை இவர்தான் பாத்தாரு."

கயிற்றைத் தூக்கி அவரை உள்ளே விட்டார்கள். இயந்திரத்தில் உள்ளங்கையை வைத்தார். முழு வாரியமும் அவரைப் பார்த்தது.

"இந்தப் புது மிஷின் மோட்டார் சத்தத்தை எடுத்துடுதுங்க," என்றார். "என் பழைய பெட்டி இருந்தாத்தான் சொல்ல முடியும்."

தலைவர் கணிப்பாளரைப் பார்த்தார். கணிப்பாளர் கையேட்டைப் பார்த்தார். அதில் இதற்கு விதி இல்லை. மூன்று நிமிடத்தில் ஒரு விதியை எழுதி, தேதியை ஒரு மாதம் முன்னதாகப் போட்டார்கள். உறையைப் பிரித்துப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

காயில்காரர் புது மிஷினைக் கழற்றிவிட்டு, ஒயரைக் காதில் மாட்டி, சுவிட்சைத் தள்ளினார். கரகரவென்று உலகம் திரும்பி வந்தது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள், ஒரு தகரம் காற்றில் தட்டியது. கயிற்றுக்குப் பின்னாலிருந்து, "என்னங்க, வருதா?" என்று ஒரு குரல், கடைசிச் சொல்லில் கொஞ்சம் உடைந்து. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

பெட்டியை இயந்திரத்தின் உடம்பில் வைத்தார். கிடங்குக்காரர் சுவிட்சைப் போட்டார். ஒரு குலுங்கல், ஒரு முனகல், நின்றது. அவ்வளவே போதுமாயிருந்தது. பேரிங் நன்றாக இருக்கிறது. காயிலும் சரியாக இருக்கிறது. இடது பக்கம் ஒரு புஷ் நகர்ந்து தண்டோடு உரசுகிறது. ஒரே ஒரு திருகாணி. முடுக்க இரண்டு நிமிடம்.

அவர் பக்கத்தில் கணிப்பாளர் பிளாஸ்டிக் உறையின் வாயை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். இயந்திரம் ஓடிய மறு நிமிடம் பெட்டி அந்த உறைக்குள் போகும். உறை பட்டையின் மேல் போகும். முடியாது என்று சொல்லிவிட்டால் வேறு ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள். அவன் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி, திருகாணியைக் கண்டுபிடித்துவிடுவான். அப்போதும் பெட்டி உறைக்குள்தான்.

"இன்னிக்கு ஓட வச்சிடலாம் சார்," என்றார். "ஆனா உள்ள ஒரு கோளாறு இருக்கு. எப்ப வேணா தெறிக்கலாம். ஓடற நேரம் பூரா ஒருத்தர் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். சத்தம் மாறினா அந்த நிமிஷமே நிறுத்தணும்."

அவர் ஒரு அதிகாரியிடம் சொன்ன முதல் துணிந்த பொய் அது.

"தெறிச்சா எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டார் தலைவர்.

"நீங்க நிக்கற இடம் வரைக்கும் வரும்ங்க."

தலைவர் நான்கடி பின்னால் போனார். "யார் நின்னு கேக்கறது?"

"இந்தப் பெட்டி இல்லாம யாராலயும் முடியாதுங்க."

தலைவரும் கணிப்பாளரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். முடிவில் கணிப்பாளர் பெட்டியிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, தங்க ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றை எடுத்துக் காயில்காரரின் சட்டையில் ஒட்டினார். பதிவேட்டில் அவரை இணைப்புப் பாகம் என்று எழுதினார்.

"வெள்ளிக்கிழமை தோறும் ஒன்பதரைக்கு வந்துடணும்," என்றார். "இயந்திரம் ஓடும்போது பெட்டியை அணைக்கக் கூடாது. அணைச்சா ரெண்டு பேரும் உபயோகத்துல இல்லன்னு ஆயிடும். நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

காயில்காரர் திருகாணியை முடுக்கினார். பெட்டியை இரும்பில் அழுத்திப் பிடித்தார். இயந்திரம் ஓடியது. கூட்டம் கைதட்டியது, இப்போது அது கேட்டது. அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பட்டையில் வைத்தார்கள்.

இரும்பு வழியாக எல்லாம் வந்தது. வேறு யாருக்கும் அது அவ்வளவு பக்கத்தில் கேட்டிருக்காது. ஒரு டிரான்சிஸ்டரின் உறை வெடித்தது. ஒரு தையல் மிஷினின் சக்கரம் உள்ளே போகும்போது ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம் மடங்கியது. ஏதோ ஒரு கண்ணாடி. பிறகு இன்னும் இயந்திரத்தின் வாய்க்கு வராத ஒன்று, பட்டையின் தூரத்து முனையிலிருந்து, டிக் டிக் என்று நெருங்கி வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். ஒரு மேசைக் கடிகாரம். சாவி கொடுத்து ஓடுவது. எடுத்து வைக்கும்போது எங்கோ இடித்து ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். சிவப்பு ஸ்டிக்கரோடு ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடிகாரத்தையே எம்பிப் பார்த்தார்.

"சத்தம் மாறுதாய்யா?" என்று கிடங்குக்காரர் சுவிட்சில் கை வைத்தபடி காயில்காரரின் முகத்தைப் பார்த்தார். கணிப்பாளரும் பார்த்தார்.

டிக் டிக் சத்தம் இயந்திரத்தின் பற்களுக்கு ஒரு முழம் தள்ளி வந்துவிட்டிருந்தது.

"இல்லைங்க," என்றார் காயில்காரர். "ஓடட்டும்."